பயந்தாங்கொள்ளி உட்கார்ந்த கட்டில்

செய்தி வந்தபோது என் வலது கை முழங்கைவரை ஒரு சுவருக்குள் இருந்தது. பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் குளியலறை. உடைத்த துவாரத்துக்குள் கையை விட்டுக் குழாயின் மூட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன். தவராசா அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா. அழவில்லை. "யூட், அண்ணை எழும்புறாரில்லை. சாப்பிட்டிட்டுச் சரிஞ்சவர். டொக்டர் வந்து பாத்திட்டார். நீ வா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றேன். சுவருக்குள் குளிராக இருந்தது. கையை எடுத்தால் கேட்டது உண்மையாகிவிடும் என்று ஒரு மடத்தனமான பயம். பின்னால் நின்ற வீட்டுக்கார அம்மா, "கிடைத்துவிட்டதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

பலெர்மோவில் இருக்கும் எம்மவர்களில் தவராசா அண்ணையைத் தெரியாதவர்கள் குறைவு. செத்தவீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள், நல்லதுதான் கதைத்தார்கள். செத்தவீட்டில் வேறு எதைக் கதைப்பது? ஆனால் வாசலில் நின்று சிகரெட் பிடித்த கூட்டத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "நல்ல மனுசன்தான். ஆனா குணத்தின்ரை குடும்பத்தை றோட்டிலை விட்டதை மட்டும் மறக்கேலாது," என்றது என் காதில் விழுந்தது. அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. வாசிக்கும்போது அவருக்கே தெரியும். அவரைப் போல நினைக்கிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தவராசா அண்ணை வன்னிக்காரர். போர் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர். முதலில் நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டங்களில் பழம் பிடுங்கினார். பிறகு நான் வேலை செய்த இடத்துக்கு வந்தார். எங்கள் முதலாளி சால்வோ குழாய் வேலைக்காரர். வீட்டில் தண்ணீர் எங்கோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்று தவிக்கிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தவராசா அண்ணை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சுவரில் ஒலிவாங்கியை நகர்த்தி நகர்த்திக் கேட்டு, இடத்தைப் பிடித்துச் சோக்கால் ஒரு வட்டம் போடுவார். நான் வட்டத்துக்குள் உடைப்பேன். சால்வோ குழாயைத் திருத்துவார். பிறகு நானே பூசி மூடுவேன். இப்படித்தான் எங்கள் மூன்று பேருடைய பிழைப்பும் போனது.

நான் ஊரில் தீவுப்பகுதிக்காரன். ஆழம் பார்க்காமல் குதிக்கிற ஆள். அவர் கரையிலேயே நின்று யோசிக்கிற ஆள். அவருக்குப் பயம் இல்லாத பொருளை உலகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஊரில் பழைய பல்கனிகளுக்கு அடியில் வலை கட்டியிருக்கும், உதிரும் சாந்து ஆட்களின் தலையில் விழாமலிருக்க. அந்த வலையைக் கண்டாலே நடைபாதையை விட்டிறங்கி நடுறோட்டில் நடப்பார். மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டு விலகுவார்கள். லிஃப்ட்டில் ஏற மாட்டார். நாய் இருக்கிற வீடு என்றால் அதை அறையில் பூட்டிய பிறகுதான் உள்ளே கால் வைப்பார். சால்வோ அவரை 'ஸ்காந்தாத்து' என்றே கூப்பிட்டார். சிசிலிக்காரர் பேச்சில் பயந்துபோனவன் என்று அர்த்தம். நான் அதைப் பயந்தாங்கொள்ளி என்று தமிழாக்கி ஊரெல்லாம் பரப்பிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பயந்தவன் எண்டபடியாத்தான் இண்டைக்கு உயிரோடை நிண்டு உன்னோடை கதைக்கிறன்," என்று மட்டும் சொல்லுவார். அதற்கு மேல் வன்னியைப் பற்றி ஒரு சொல் வராது.

அந்தப் பயம் வேலைக்குள்ளும் வந்தது. வட்டம் போடுவார். நான் சுத்தியலைத் தூக்குவேன். "பொறு பொறு" என்று ஓடி வந்து வட்டத்தைக் கையால் அழிப்பார். திரும்ப முதலில் இருந்து கேட்பார். கடைசியில் அதே இடத்தில் அதே வட்டத்தைப் போடுவார். ஒருமுறை எனக்குப் பொறுமை போய், "அண்ணை, உடைச்சாச் சுவருக்கு நோகாது," என்றேன். "சுவருக்கில்லை, எனக்குத்தான் நோகுது," என்றார். அன்றைக்கு அவர் வழக்கம்போலப் போய் மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, யாரும் தொடாமல் பெட்டிக்கு முன்னால் காவல் நின்றார். வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார், பிரிட்ஜில் சாமான் கெடுகிறதாம். நான் உடைத்தேன். வட்டத்தின் நட்டநடுவில் குழாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழைய மின்கம்பி. அதன் தோல் ஊறிக் கழன்று செம்பு தெரிந்தது. என் உளியின் நுனி அதில்தான் நின்றது. அவர் வந்து பார்த்தார். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. என் கால் இரண்டும் ஈரத்தரையில் இருந்தன.

கறையைப் பார்த்து இடத்தைத் தீர்மானிப்பதும் அவருக்குப் பிடிக்காது. "அது தண்ணி வந்து சேர்ந்த இடம், யூட். புறப்பட்ட இடம் வேறை. வந்த வழியைத் தேடு," என்பார். கழிவுக் குழாய் விஷயங்களுக்கு அவர் வைத்திருந்த கருவி எங்கள் சமையல் மஞ்சள்தான். பல்லரோ சந்தையில் எம்மவர் கடையில் வாங்கின பைக்கற்றை எந்நேரமும் பையில் வைத்திருப்பார். வாளியில் கரைத்து மேல்வீட்டுக் குளியலறையில் ஊற்றிவிட்டு, கீழ்வீட்டில் எங்கே மஞ்சள் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வீட்டில் இப்படி ஊற்ற, கசிவு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு, சண்டைக்கே வராத மூன்றாம் வீட்டுச் சமையலறையில் போய் இறங்கியது. புதிதாக வெள்ளை அடித்த சுவர். அந்த அம்மா போட்ட சத்தத்தில் தவராசா அண்ணை படிக்கட்டில் இறங்கி ஓடியே போய்விட்டார். சால்வோவும் நானும் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். மஞ்சள் போகுமா? மூன்று தரம் பூசியும் போகவில்லை.

இனி குணத்தின் வீட்டுக்கு வருகிறேன்.

குணம், மனைவி ஜெயந்தி, ஒரு மகள். பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இரண்டாம் மாடியில் இருந்தார்கள். அவர்களுக்கு நேர் கீழே சிஞ்ஞோரா பினா. கணவர் போன பிறகு தனியாக இருந்த வயதான பெண். அவருடைய படுக்கையறைச் சீலிங்கில் ஒரு ஈரக்கறை வந்தது. முதலில் ஒரு தோசை அளவு. பிறகு கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே முழுதாகப் பரவிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. அவர் குணத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: உங்கள் பிழையால் தண்ணீர் இறங்குகிறது என்றால் நீங்கள் வீட்டை விட வேண்டும்.

வீட்டை விடுவது என்றால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவது மட்டுமல்ல என்று இங்கே இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டு ஒப்பந்தம் போனால் ரெசிதென்ஸா போகும். முகவரிப் பதிவு இல்லாதவன் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கப் போனால் கதவடியிலேயே திருப்பி விடுவார்கள். குணத்துக்குப் புதுப்பிக்கிற காலம் கிட்டியிருந்தது. மகள் வேறு அப்போதுதான் பெரியபிள்ளையாகியிருந்தாள். சடங்கு வீட்டிலேயே வைப்பதாகச் சொல்லி, கத்தானியாவிலும் மெஸ்ஸினாவிலும் இருக்கிற சொந்தக்காரருக்கெல்லாம் அழைப்புப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரொசாலியா கோயில் மலையில் ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது குணம் எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தான். "அண்ணை, வீட்டுக்காரன் தன்ரை ஆளைக் கூட்டிக்கொண்டு வாறதுக்கு முன்னம் நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. பைப் எண்டால் திருத்திப் போடுவம். பழைய பைப் வெடிக்கிறது எங்கடை பிழையில்லைத்தானே," என்றான்.  தவராசா அண்ணை உடனே ஓம் என்றார்.

வேலை முடிந்த பின்னேரங்களில் போனோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியில் இருந்து இறங்குகிற குழாயை வால்வில் பூட்டிவிட்டு அழுத்தம் குறைகிறதா என்று பார்த்தார். குறையவில்லை. மீற்றர் அசையவில்லை. குளியலறையில், குசினியில், எல்லா வடிகாலிலும் மஞ்சள் ஊற்றினார். கீழே சிஞ்ஞோரா பினாவின் சீலிங்கில் மஞ்சள் இறங்கவில்லை. மழைத் தண்ணீரோ என்றால், அது கோடை, மழை இல்லை. குணத்தின் வீட்டுச் சீலிங் நன்றாகக் காய்ந்திருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தரையெல்லாம் தவழ்ந்து கேட்டார். சத்தம் இல்லை. மற்ற வீடுகளில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகும்போது ஒரு ஆறுதல் வரும், இன்னும் இவ்வளவுதான் மிச்சம் என்று. இந்த வீட்டில் கழிக்கக் கழிக்க அவருடைய முகம் இருண்டுகொண்டு போனது. "ஒரு பைப்பும் உடையேல்லை. ஆனா தண்ணி இறங்குது. எனக்கு இது நல்லாப் படேல்லை, யூட்," என்றார். நான், "உங்களுக்கு எதுதான் நல்லாப் பட்டது?" என்று சிரித்தேன்.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பப் போனோம். ஜெயந்தி கதவைத் திறந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்த தவராசா அண்ணை அங்கேயே நின்றுவிட்டார். தரை நனைந்திருந்தது. முன்னறையில் வாளி, தும்புத்தடி. பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் பிள்ளையை இருத்துவதற்கு ஒரு கதிரை வைத்துச் சிவப்புத் துணி போட்டு, பின்னால் கடதாசிப் பூக்கள் கட்டியிருந்தார்கள்.

"தங்கச்சி, இப்ப வீடு கழுவினனீங்களோ?"

"ஓம் அண்ணை. வெள்ளிக்கிழமையெல்லே. சடங்கும் வருது, அதாலை ரெண்டு தரம் தண்ணி ஊத்திக் கழுவினனான். ஏன் அண்ணை?"

"ஒவ்வொரு வெள்ளியும் கழுவுறனீங்களோ?"

"இதென்ன கேள்வி? கழுவாமல் விளக்கு வைக்கேலுமே?"

 அவர் தரையில் முழங்காலில் இருந்து, தண்ணீர் போகிற வழியைப் பார்த்தார். நானும் குனிந்தேன். பல்கனி வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டிய தண்ணீர் அங்கே போய்ச் சேரவில்லை. தெருப்பக்கச் சுவரோரம் தரை தாழ்ந்திருந்தது. சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு நகம் போகிற இடைவெளி. தண்ணீர் முழுவதும் சத்தமில்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சிசிலிக்காரர் வீட்டைப் பிழிந்த துணியால்தான் துடைப்பார்கள். வாளி வாளியாக ஊற்றித் தள்ளுவது நாங்கள். ஊரில் சீமெந்துத் தரை, அதற்குக் கீழே மண். எவ்வளவு ஊற்றினாலும் மண் குடிக்கும். இந்தப் பழைய வீடுகளில் டைலுக்குக் கீழே கல்லும் மண்ணும், அதற்குக் கீழே பலகை, அதற்குக் கீழே மர உத்தரம். உத்தரத்தின் நுனி தெருப்பக்கச் சுவருக்குள் செருகியிருக்கும். அந்த நுனியில்தான் வீடே நிற்கிறது. கீழே இருக்கிறவருக்கு உத்தரம் தெரியாது. நாணல் தட்டியில் சாந்து பூசிய சீலிங் அதை மறைத்திருக்கும். ஒவ்வொரு வெள்ளியும் அந்த நுனிக்குத்தான் ஜெயந்தி தண்ணீர் வார்த்திருக்கிறார். இந்த ஊரில் எம்மவர் இருக்கிற எத்தனை மாடி வீடுகளில் வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

மூலையில் ஒரு டைலை நெம்பிக் கிளப்பினேன். கீழே இருந்த மண்ணைத் தோண்டிப் பலகையை ஒதுக்கினேன். உத்தரத்தின் பக்கத்தில் திருப்புளியைக் குத்தினேன். மேல்பக்கம் ஊறின பாண் மாதிரிப் போனது. கொஞ்சத் தூரத்தில் கெட்டியாக ஏதோ தடுத்தது. தவராசா அண்ணை எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் குணம் வேலையால் வந்து சேர்ந்தான். அவனுக்கு எல்லாம் சொன்னோம்.

குணம் அந்த ஓட்டைக்குள் குனிந்து பார்த்தான். பிறகு கதவைச் சாத்தினான். "அண்ணை, பைப் எண்டு சொல்லுங்கோ. இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணியும் ஊத்தமாட்டம். தானாக் காயும். வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சால் நாங்கள் எங்கை போறது?"

"தம்பி, கீழை ஒரு மனுசி படுக்குது."

"இவ்வளவு நாளும் படுத்ததுதானே!"

"சடங்குக்கு எத்தினை பேர் வந்து இதிலை நிப்பினம்?"

குணம் மூலைக்குப் போய், டைல் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் காலால் ஓங்கி மிதித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "பாருங்கோ. நிக்குது. நூறு வருசமா நிக்குது."

"குணம், எனக்குப் பயமாயிருக்கு," என்றார் தவராசா அண்ணை. 

"உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்லை? உங்கடை பயத்துக்கு என்ரை பிள்ளையைத் தெருவிலை விடச் சொல்லுறியளோ?"

 நியாயமான கேள்விதான். அந்த நேரத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. திருப்புளி தடுத்த இடத்தில் மரம் நன்றாகவே இருக்கலாம். தவராசா அண்ணை செருப்பைக்கூடப் போடாமல் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

சிஞ்ஞோரா பினா கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைக்கு மேலே கறை. அன்றைக்குப் புதிதாக நனைந்து, ஓரத்தில் துளி கட்டி நின்றது. கறையின் நடுவில் சாந்து கீழ்நோக்கிப் புடைத்திருந்தது. தவராசா அண்ணை தன்னுடைய உடைந்த இத்தாலியனில், இந்த அறையில் இருக்க வேண்டாம், இப்போதே வெளியே வாருங்கள் என்றார். அந்த அம்மா அசையவில்லை. "கல்யாணம் செய்த நாள் முதல் இந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். எழும்பி வெளியே போனால் என்னைத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வீட்டுக்காரன் இந்த வீட்டை எடுப்பதற்குத்தான் காத்திருக்கிறான்," என்றார். யோசித்துப் பார்த்தால் மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவருக்கும் ஒரே பயம்.

தவராசா அண்ணை மூன்று தரம் கெஞ்சினார். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது தவராசா அண்ணை செய்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பல்கனிக்குக் கீழே நடக்காத மனிதர், லிஃப்ட்டில் ஏறாத மனிதர், கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் அந்தப் புடைப்புக்கு நேர் கீழே உட்கார்ந்தார். "சிஞ்ஞோரா, நீங்கள் எழும்பும்வரைக்கும் நான் எழும்ப மாட்டேன்," என்றார்.

மேலே குணம் நடந்துகொண்டிருந்தான். கோபத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிற சத்தம் கீழே தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு மிதிக்கும் சீலிங் ஒரு சின்னச் சத்தம் போட்டது. முறுக்குக் கடிக்கிற சத்தம். வெள்ளைத் தூள் தவராசா அண்ணையின் தோளில் விழுந்தது. அவர் மேலே பார்க்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்து அமத்திக்கொண்டிருந்தார். அப்படியும் கை நடுங்கியது. கட்டிலும் சேர்ந்து நடுங்கியது. நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. ஆழம் பார்க்காமல் குதிக்கிறவனுக்குக் கால் வரவில்லை. போனை எடுத்துக் குணத்துக்கு அடித்தேன். "டேய், அசையாதை. எங்கை நிக்கிறியோ அங்கையே நில். கும்பிட்டுக் கேக்கிறன், காலைத் தூக்காதை," என்றேன். மேலே சத்தம் நின்றது. 

சிஞ்ஞோரா பினா திரும்பி அவரைப் பார்த்தார். கட்டில் ஏன் ஆடுகிறது என்று தேடினவர், அவருடைய கைகளைக் கண்டார். "மகனே, நீ என்னைவிடப் பயந்துபோயிருக்கிறாய். எழும்பிப் போ," என்றார்.

"ஓம் சிஞ்ஞோரா. பயமாக இருக்கிறது. நீங்கள் முதலில்."

அந்த அம்மா அவருடைய நெற்றி வியர்வையைப் பார்த்தார், தோளில் கிடந்த தூளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். சுவரில் இருந்த கணவரின் படத்தைக் கழற்றச் சொன்னார். தவராசா அண்ணை அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வாசற்படி தாண்டியதும் ஓடிப்போய் ஒழுங்கையில் சத்தி எடுத்தார். பிறகு சால்வோவுக்குப் போன் பண்ணினோம். சால்வோ முண்டு கொடுக்க மரங்களோடு வந்தார். வீட்டுக்காரர் வந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு வீடும் பூட்டப்பட்டன.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் வாளித் தண்ணீர்க் கதையைக் கேட்டுக் குதித்தார். குணத்தின் ஒப்பந்தம் போயிற்று. ஜெயந்தியின் தங்கச்சி வீட்டுச் சின்னக் குளியலறையில் வைத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். வந்த சொந்தக்காரர் படிக்கட்டில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அறையில் இரண்டு குடும்பம். குணத்தின் பெர்மெஸ்ஸோ அந்த வருடம் முழுக்க இழுபட்டது. வேலை இரண்டு தரம் போனது. எனக்கும் தவராசா அண்ணை மேல் கோபம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முதலில் குணத்துக்கு ஒரு இடம் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று அவருடைய முகத்துக்கு நேரேயே கேட்டேன். "ஓம். செய்திருக்கலாம். பயத்திலை ஒண்டும் தோணேல்லை," என்றார். குணத்துக்கு வேறு வீடு தேடி அவர் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. கடைசியில் கிடைத்த வீடும் அவர் சொல்லிக் கிடைத்ததுதான். குணத்துக்கு அது தெரியாது. தெரிந்தால் போயிருக்க மாட்டான்.

சிஞ்ஞோரா பினாவின் சீலிங் விழவில்லை. அதுதான் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. பிறந்தநாள் வீட்டில், கோயிலடியில், எங்கே போனாலும், "விழாத சீலிங்குக்குப் பயந்து குடும்பத்தைக் கிளப்பின ஆள்" என்று அவருடைய காதுபடவே சொன்னார்கள். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைப்பார். நான் வாயைத் திறந்தால் என் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பார். ஏன் இழுத்தார் என்று இப்போது சொல்லப் போகிறேன்.

அடுத்த கிழமை அந்தத் தரையை முழுதாகத் திறந்தது நான்தான். சால்வோ கீழே இன்னும் சில முண்டு கொடுத்துவிட்டு மேலே வந்தார். தவராசா அண்ணை வாசலில் நின்றார். மூலையில் நான் முதலில் குத்திப் பார்த்த உத்தரம் பாதி கெட்டிருந்தது, பாதி நன்றாக இருந்தது. குணம் மிதித்தபோது நின்றதும் அதனால்தான். பல்கனிக் கதவுக்குப் பக்கத்து உத்தரத்துக்கு வந்தேன். டைலை எடுத்தேன். பலகையை எடுத்தேன். சுவருக்குள் இருக்க வேண்டிய நுனியைத் தேடினேன். நுனி இல்லை. உத்தரம் சுவரைத் தொடவே இல்லை. சுவரில் இருந்த குழிக்குள் கறுப்புக் கூழ் மட்டும் கிடந்தது. அத்தனை நாளும் அந்த இடத்தைத் தாங்கியது மேலே ஒட்டியிருந்த டைலும் கீழே இருந்த சாந்தும். சால்வோ நெற்றியில் சிலுவை போட்டார்.

டைல் எடுக்க நான் ஓரமாகத் தள்ளிவைத்த கதிரை அந்த உத்தரத்துக்கு நேர் மேலேதான் நின்றது, சிவப்புத் துணியோடு, கடதாசிப் பூக்களோடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அதில் இருத்தி, தட்டுத் தூக்கி வந்த பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று ஆராத்தி எடுத்திருப்பார்கள். மாமிமார், மச்சாள்மார், படம் எடுக்கிறவர்கள், எல்லோரும் பல்கனி வெளிச்சத்துக்காக அந்த ஒரு இடத்தில்தான் நெருங்கி நின்றிருப்பார்கள். கீழே அந்த அம்மா.

தவராசா அண்ணை கதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தரையில் விளிம்போடு ஒட்டி ஒட்டி நடந்து வந்து, கதிரையைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தார். பூக்களை அவிழ்த்து ஒரு பையில் போட்டார். குணம் சாமான் எடுக்க வந்தபோது, ஆபத்து என்று சொல்லி அவனை மேலே விடாமல், எல்லாவற்றையும் நாங்களே சுமந்து கீழே இறக்கிக் கொடுத்தோம். அவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான்.

திரும்பி வரும்போது வேலை வாகனத்துக்குள் நான் வெடித்தேன். "இப்ப போய்ச் சொல்லுவம் அண்ணை. கதிரை எங்கை நிண்டதெண்டு சொல்லுவம். எல்லாற்றை வாயும் அடைபடும்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேண்டாம், யூட். பிள்ளையை இருத்த வைச்ச இடம் அதெண்டு தெரிஞ்சால் அந்தப் பெடியன் குணம் நித்திரை கொள்ளமாட்டான். கண்ணை மூடினால் அதுதான் வரும். எனக்குத் தெரியும் அது எப்பிடியெண்டு. என்னைத் திட்டிக்கொண்டு நித்திரை கொள்ளட்டும். ஜெயந்திக்கும் சொல்லாதை. அவள்தானே தண்ணி ஊத்தினவள்."  நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சாகும்வரை திறக்கவில்லை.

பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தது நான். அதைத் திருப்பி எடுக்கப் போவதில்லை. அவர் பயந்தவர்தான். தனக்கென்று பயந்ததைவிட மற்றவர்களுக்காகப் பயந்தது அதிகம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் போனாலும் நான் முதலில் மேலே பார்க்கிறேன். பிறகு கட்டில் எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள், தவராசா அண்ணை உங்களுக்குள்ளே வந்துவிட்டாரா என்று. உத்தரம் கிடந்த அந்த வெறுங்குழி கண்ணுக்குள் வரும்போது, கட்டிலைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

குணம், நீ செத்தவீட்டுக்கு வரவில்லை. ஜெயந்தி வந்து, கடைசியில் நின்று, யாரோடும் கதைக்காமல் அழுதுவிட்டுப் போனார். உன்னில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் சொல்லாதே என்றதை இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவர் பெயரை இனியும் அப்படிச் சொல்ல நான் விட மாட்டேன். இதை வாசித்த பிறகு உனக்கு நித்திரை வராது. எழும்பிப் போய் மகளின் கதவடியில் நின்று அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்பாய். அந்தப் பயம் உனக்கு வந்திருக்க வேண்டியது. இவ்வளவு காலமும் அவர்தான் உனக்காக அதை வைத்திருந்தார். பாதியை நீ எடுத்துக்கொள். மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.